ரயில் வராத ஊரில் ஒரு தண்டவாளத் துண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, குர்பான் கத்திகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் மூவரும் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கம்மாலைக்குப் போனோம். எங்கள் வாப்பாமார் போன அதே இடம். போனால் உலை இல்லை. கொட்டில் இருந்த இடத்தில் சீமெந்துக் கல் அடுக்கியிருந்தது. மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பியிருக்கிறார், வீட்டுக்கு ஓர் அறை கூடக் கட்டுகிறார்கள். கம்மாலைச் சாமான் எல்லாவற்றையும் நேற்றுத்தான் பழைய இரும்புக்குப் போட்டோம் என்று மருமகள் சொன்னார். ஐயா திண்ணையில் இருந்தார். எங்களைக் கண்டதும் கத்திப் பொதியைத்தான் முதலில் பார்த்தார்.

திரும்பி வந்து எங்கள் ஊர் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். தராசுக்குப் பக்கத்தில் ஒரு பழுதான குளிர்சாதனப் பெட்டி, சைக்கிள் ரிம்கள், ஒரு மூட்டைப் பால்மாப் பேணி. அவற்றுக்கு நடுவே ஐயாவின் பட்டடை கிடந்தது. ஒன்றரை அடித் தண்டவாளத் துண்டு. அறுபது வருட அடியில் அதன் தலை பளபளவென்று ஒரு கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது. நிறுத்தால் 18 கிலோ. கடைக்காரர் எங்களிடம் படித்த பிள்ளையின் தகப்பன். வாங்கிய விலைக்கே தந்துவிட்டார். மற்றச் சாமான்களையும் குவியலுக்குள் கை விட்டுத் தேடினோம். மூன்று குறடு, இரண்டு சம்மட்டித் தலை, ஓர் உளிக் கட்டு கிடைத்தன. மீதி லொறியேறிப் போய்விட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி வைத்தபிறகுதான் ஒரு கேள்வி வந்தது. நமது அம்பாறைக் கரையோரத்துக்குப் பயணிகள் ரயில் வந்ததே இல்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த பாதை இன்றைக்கும் மட்டக்களப்போடு நிற்கிறது. அப்படியானால் இந்தத் தண்டவாளம் இங்கே எப்படி வந்தது?

அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

கல்வியியல் கல்லூரியில் எங்களுக்கு வரலாறு கற்பித்தபோது மன்னர்களும் குளங்களும் வந்தன. குளம் வெட்டிய மண்வெட்டியை யார் அடித்தது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தீவுக்கு இரும்பு வரலாறு ஒன்று இருக்கிறது, அது சின்ன வரலாறும் அல்ல. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக நிலம் நீரில் மூழ்குமுன் தொல்லியல் ஆய்வு நடந்தபோது, மேற்கே பார்த்த மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்புருக்கும் உலைகள் அகப்பட்டன. அவற்றுக்குத் துருத்தி இல்லை. தென்மேல் பருவக்காற்றே துருத்தி. கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் இரும்பு உருக்கிக் காட்டினார். 1996இல் அந்த ஆய்வு வெளியானது. உலைகளின் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை.

அதே காலத்தில் பக்தாதில் இருந்து ஒருவர் நம் தீவின் இரும்பைப் பற்றி எழுதியிருக்கிறார். தத்துவஞானி அல்-கிந்தி. கலீபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி அவர் எழுதிய நூலில், வாள்களை ஊர் ஊராக வகை பிரிக்கும்போது சரந்தீப் இரும்பில் செய்த வாள்களும் ஒரு வகையாக வருகின்றன. வாள் அடிப்பது வேறு நாடுகளிலும் நடந்தது, இரும்பு போனது இங்கிருந்து. நம் பிள்ளைகளுக்குச் சரந்தீப் என்றால் ஆதம் மலையும் மாணிக்கக் கல்லும்தான் தெரியும். இரும்பையும் சொல்லிக் கொடுங்கள்.

அப்படிப்பட்ட தொழில் எங்கே போனது? 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பக்கம் இரும்பு உருக்குவதை நேரில் பார்த்து எழுதினார். அவருடைய புத்தகம் 1908இல் வந்தது. அவர் பார்த்தபோதே அது அணையப்போகும் உலை. கப்பலில் வந்து இறங்கிய சீமை இரும்பு அதைவிட மலிவு. பட்டையாக, கம்பியாக, தேவையான கனத்தில் கிடைத்தது. கல்லை உருக்கி இரும்பெடுக்கும் வேலை மெல்லச் செத்தது. ஆனால் கொல்லர் சாகவில்லை. அவர் வேறொரு சுரங்கத்துக்கு மாறினார். பழைய இரும்பு என்ற சுரங்கம்.

1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் ஓடியது. 1867இல் கண்டிக்குப் போனது. ரயில் பாதையோடு நாட்டுக்குள் வந்தது போக்குவரத்து மட்டுமல்ல, நல்ல உருக்கும்தான். தேய்ந்த தண்டவாளம், உடைந்த போல்ட், சிலிப்பர் கட்டை ஆணி. பிறகு பஸ் வந்தது, லொறி வந்தது. லொறியின் வில்லுத் தகடு முறிந்தால் சாரதிக்கு நட்டம், கொல்லருக்கு வருமானம். மாட்டு வண்டிச் சில்லின் இரும்பு வளையம் தேய்ந்தால் அது கொளுக்கியாகவும் பிணைச்சலாகவும் மாறும். கிராமத்துக் கம்மாலை ஒன்றுக்குள் கடையில் புதிதாக வாங்கிய சாமான் என்று தேடினால் அரம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த அரமும் பல் தேய்ந்ததும் கத்தியாகிவிடும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் ஐயாதான். பட்டடையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மறுநாள் பின்னேரம் அவரிடமே போனோம். திருப்பிக் கொடுக்கத்தான் போனோம். அவர் சிரித்தார்.

“இத எனக்கு ஏன் தாறீங்க தம்பி? இது உங்கட ஆக்களிட்ட எங்கட அப்பா வாங்கினதுதானே. அம்பத்தேழு வெள்ளத்துக்கு அடுத்த போகம். கரத்தையில பழைய இரும்பு கொண்டுவந்த காக்காட்ட. மட்டக்களப்பில இருந்து வந்த துண்டு எண்டு சொன்னாராம். காசு குடுக்கல்ல, ரெண்டு கோடாலி அடிச்சுக் குடுத்தாராம்.”

எங்கள் கேள்விக்கு விடை அவ்வளவு சுருக்கமாகக் கிடைத்தது. எங்கள் ஊர் ஆள் ஒருவர் கரத்தையில் கொண்டுபோய் விற்ற இரும்பு, அறுபது எழுபது வருடம் கழித்து எங்கள் ஊர் தராசுக்கே திரும்பி வந்திருக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாம் பேசாத விடயம் ஒன்று இருக்கிறது. பழைய இரும்பு வியாபாரத்தைப் பற்றி நம் ஊரில் சின்னதொரு இளக்காரம் உண்டு. படித்த பிள்ளைக்கு வாப்பாவின் தொழிலை எழுதச் சொன்னால் “வியாபாரம்” என்று மட்டும் எழுதும். அந்தக் கரத்தைக்காரர்கள்தான் இரண்டு ஊருக்கும் நடுவே இரும்பைச் சுமந்தவர்கள். லொறி முறிந்த இடம், வள்ளம் உடைந்த இடம், ஆலை மூடின இடம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எந்தக் கொல்லருக்கு எது தேவை என்பதும் தெரியும். வில்லுத் தகடு கிடைத்தால் தராசில் போடாமல் ஒதுக்கி வைத்துக் கம்மாலைக்குக் கொண்டுபோவார்கள். நம் வயற்காரர் அரிவி வெட்டக் கேட்கும் தாக்கத்தி அந்தத் தகட்டிலிருந்துதான் வந்தது. இரும்பு நம்முடையது, நெருப்பு அவர்களுடையது, வயல் இரண்டு பேருடையதும்.

கம்மாலைக்கு நல்ல காலம் எதுவென்று ஐயாவிடம் கேட்டோம். யோசிக்காமல் சொன்னார்: “சிறிமா காலம்.”

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. அந்தக் காலத்தை நம் பெரியவர்கள் மரவள்ளிக் கிழங்கோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், நல்லது ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கடையில் கத்தி இல்லாத நாட்டில் கொல்லர் ராசா. உழவு மெசினுக்கு உதிரிப்பாகம் வராது, கொழு முறிந்தால் கம்மாலையில்தான் ஒட்ட வேண்டும். பழைய இரும்பை யாரும் பழையது என்று சொல்லாத காலம் அது. ஐயாவின் கம்மாலையில் அப்போது நாலு பேர் வேலை செய்தார்களாம். ஆட்டுத் தோல் துருத்தியைத் தூக்கிவிட்டு, சைக்கிள் சில்லில் பட்டி போட்டுச் சுழற்றும் காற்றாடியை அவர் செய்ததும் அந்த வருடங்களில்தான். சில்லு ஒரு பழைய ரலி சைக்கிளுடையது. பட்டி, தையல் இயந்திரத்தினுடையது. விசிறித் தகடு தகரப் பேணியிலிருந்து வெட்டியது. துருத்தி இழுக்க ஓர் ஆள் முழுநாளும் வேண்டும், சில்லைப் பாடசாலை விட்டு வரும் பிள்ளையும் சுற்றலாம். சுற்றிய பிள்ளைதான் இப்போது கட்டாரில் இருக்கிறார்.

1977இல் கதவு திறந்தது. வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்தது. அடுத்த வருடம் நவம்பரில் சூறாவளி. விழுந்த தென்னையை வெட்டக் கோடாலி, கூரைக்கு ஆணி, கதவுக்குப் பிணைச்சல் என்று சில மாதம் உலை அணையவே இல்லையாம். அதுதான் கடைசிப் பெருவேலை என்கிறார். அதற்குப் பிறகு கடைக் கத்தி மலிவு. வெட்டு மெசின் வந்தபிறகு தாக்கத்தியைக் கேட்டு வருபவர் வரம்போரம் புல்லு வெட்டுகிறவர் மட்டும்.

ஆனால் மலிவான கத்தி மட்டும்தான் கம்மாலையை மூடியது என்று எழுதினால் அது பொய். 1985 ஏப்ரல் இருக்கிறது. 1990 இருக்கிறது. அந்த நாட்களில் இரண்டு பக்கத்திலும் வீடு எரிந்தது, இரண்டு பக்கத்திலும் மையித்து விழுந்தது. கரத்தைக்காரர் போகாமல் விட்டார். ஐயாவின் குடும்பம் கம்மாலையைப் போட்டுவிட்டு அகதி முகாமுக்குப் போனது. திரும்பி வந்தபோது மண்ணில் அரைவாசி புதைந்திருந்த பட்டடையைத் தவிர அநேகமாக எல்லாம் போயிருந்தது. எடுத்தவர் யாரென்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கம்மாலையை அவர் வெறுங்கையோடு தொடங்கினார். கட்டிடக் கம்பியை மடித்து முதலில் குறடு. அந்தக் குறட்டால் பிடித்து உளி. அந்த உளியால் வெட்டி மற்றதெல்லாம். சம்மட்டிக்கு ஒரு உழவு மெசின் அச்சின் துண்டு.

இடையில் ஒரு விடயம், இதை வாசிக்கும் பிள்ளைகளுக்காக. போர்க்காலப் பழைய இரும்பு வேறு மாதிரியானது. வடக்கிலும் கிழக்கிலும் ஷெல் கோதை இரும்பென்று தட்டி உயிர் விட்டவர்களின் செய்தியை நாம் பல தடவை பார்த்திருக்கிறோம். மண்ணுக்குள் கிடக்கும் உருண்டை, குழாய், மூடி எதையும் கை வைக்காதீர்கள். பொலிசுக்குச் சொல்லுங்கள்.

ஐயா பட்டடையைத் திருப்பி வாங்கவில்லை. “அடிக்க ஏலுமெண்டா வெச்சுக்கொள்ளுங்க, ஏலாட்டிக் காக்காட தராசிலயே போடுங்க” என்றார். அந்தப் பேச்சுத்தான் எங்களைக் கிளப்பியது. எங்களில் ஒருவரின் வீட்டுப் பின்வளவில், கிணற்றடிக்கு அப்பால், நாலு தகரம் போட்டு ஒரு கொட்டில் அடித்தோம். மூன்று பேருக்கும் சுத்தியல் பிடித்த பழக்கம் கரும்பலகை ஆணி அடித்ததோடு சரி.

உலைக்கு லொறி ஒன்றின் பழைய பிரேக் ட்ரம் கிடைத்தது. உட்பக்கம் களிமண் பூசினோம். நடுத்துளை ஏற்கெனவே இருந்தது, அடியிலிருந்து காற்று விடக் குழாய் மட்டும் வேண்டும். அதற்கு நாங்கள் எடுத்தது வீட்டில் கிடந்த கல்வனைஸ் தண்ணீர்க் குழாய். இந்த இடத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். குழாய் சூடேறியதும் வெள்ளைப் புகை வந்தது, கரி ஈரம் என்று நினைத்தோம். அன்றிரவு மூன்று பேருக்கும் குளிர் காய்ச்சல், தொண்டை காய்ந்து உடம்பெல்லாம் நோ. காலையில் விட்டுவிட்டது. ஐயாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. குழாயில் பூசியிருப்பது நாகம். அது எரிந்தால் வரும் புகை நஞ்சு. வெள்ளைப் பூச்சுள்ள எதையும் உலைக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது, ஷொக் அப்சோபரையும் நெருப்பில் போடக்கூடாது, உள்ளே அடைபட்ட ஒயிலும் காற்றும் சூடேறி வெடிக்கும். “பழைய இரும்பில எது ஆகாது எண்டு முதல்ல படிக்கணும். ஆகுறது பிறகு.”

அதற்குப் பிறகு அவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவரத் தொடங்கினோம். சனிக்கிழமை பின்னேரங்களில். கண் மங்கல், வெயிலில் சரியாகத் தெரியாது. உலையின் வெளிச்சத்தில் மட்டும் தெரியும் என்கிறார்.

முதல் நாள் அவர் பட்டடையைத் தலைகீழாக்கினார். நாங்கள் தண்டவாளத்தை ரயில் ஓடுகிற மாதிரியே படுக்க வைத்திருந்தோம். அடித்தால் துள்ளியது, காது அடைத்தது. அவர் அதை நிமிர்த்திக் குத்தென நிறுத்தினார். புளியங்குற்றி ஒன்றில், இறைச்சிக் கடையில் இருக்குமே அதுமாதிரியான குற்றியில், குழி தோண்டி இறக்கிச் சுற்றிவர மண்ணடித்து இறுக்கினார். இப்போது அடி விழும் இடம் சின்னது, ஆனால் முழுத் தண்டவாளமும் அந்த அடிக்குக் கீழே நிற்கிறது. துள்ளல் நின்றுவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, தேய்ந்து பளபளத்த அந்தக் கண்ணாடித் தலை தண்டவாளத்தின் மேற்பக்கம் அல்ல, வெட்டுமுகம். நாங்கள் கையில் வைத்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

இரும்பை அறிகிற விதம்தான் எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கள் குவியலில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தியலால் தட்டுவார். மணி மாதிரிக் கேட்டால் ஒரு பக்கம், பொத்தென்று கேட்டால் மற்றப் பக்கம். சந்தேகமானதைக் கிரைண்டரில் பிடிக்கச் சொல்வார். கட்டிடக் கம்பியின் பொறி நீளமாக, கோடாகப் போகும். வில்லுத் தகட்டின் பொறி பாதி வழியில் பூவாகச் சிதறும். அரத்தில் இன்னும் அடர்த்தியாகச் சிதறும். பூக்கிற இரும்பில் கரிச்சத்துக் கூட, அதனால் அது காய்ச்சி நனைத்தால் கடினமாகும். கம்பியை எவ்வளவு நனைத்தாலும் கத்தி ஆகாது. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இதைப் பாடப்புத்தகத்து வார்த்தையில் விளக்கினார். ஐயா தலையாட்டிவிட்டு அடுத்த துண்டைத் தட்டினார்.

முறிந்த லொறி வில்லில் நாங்கள் அடித்த முதற் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டோம். டிக் என்று ஒரு சத்தம். வாயிலிருந்து முதுகுவரை வெடிப்பு. இரண்டாவதுக்கு ஐயா பழைய தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொன்னார், உம்மாவின் பொரித்த எண்ணெய்ப் போத்தல்கள் எல்லாம் காலி. எவ்வளவு காய்ச்சுவது என்பதற்கு அவர் நிறத்தைப் பார்க்கிறார், எங்களுக்கு எல்லாம் சிவப்பாகவே தெரிகிறது. அதனால் பழுதான ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறோம். 770 பாகையளவில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும், இன்னும் சற்றுக் காய்ச்சி எண்ணெயில் விடலாம். இந்த உபாயம் ஐயாவுக்குப் புதிது. காந்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பிமார் மோசமில்லை என்று அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார்.

நனைத்ததோடு முடியவில்லை. அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். கறள் நீக்கித் தீட்டி, முதுகுப் பக்கமாக மெல்லச் சூடாக்கினால் நிறம் ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு மண்ணிறம், ஊதா, நீலம். கத்திக்கு வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். கோடாலிக்கு ஊதா வரை விடலாம். அந்த ஓட்டம் சில விநாடிகள்தான். ஐயாவின் மங்கிய கண்ணுக்கு அது தெரிகிறது, “இப்ப” என்கிறார். நாங்கள் அந்த “இப்ப”வைப் பிடிக்க இதுவரை பதினொரு கத்தி கெடுத்திருக்கிறோம். பன்னிரண்டாவது சரி வந்தது. அவர் கட்டைவிரலால் வாயைத் தடவி, பிடிக்கு நாவல் மரம் போடச் சொன்னார்.

இன்ஷா அல்லாஹ், இந்த வருட குர்பானுக்கு அந்தக் கத்தி போகும். மூன்று வீட்டாரின் பழைய கத்திகளை ஐயாவே எங்கள் கொட்டிலில் வைத்துத் தீட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இறைச்சி அவர் சாப்பிடுவதில்லை. ஆனால் பெருநாளைக்கு வட்டிலப்பம் மறக்கக்கூடாது என்று இரண்டு தரம் நினைவுபடுத்திவிட்டார்.

தரம் 9 பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் சில்லுச் சுற்ற வருகிறார்கள். சிரட்டைக்கரி அவர்களே சுட்டுக் கொண்டுவருகிறார்கள். கண்ணாடி போடாமல் யாரையும் உலைக்குக் கிட்ட விடுவதில்லை, பெற்றோர் பயப்பட வேண்டாம்.

இன்னும் ஒன்று குறைகிறது. நிலத்தில் ஊன்றுகிற நீண்ட கால் உள்ள பழைய வைஸ். கம்மாலைக்கென்றே செய்தது, சாதாரண மேசை வைஸ் சுத்தியல் அடிக்கு உடைந்துவிடும். ஐயாவுடையது 90இல் போனது, அதற்குப் பிறகு அவருக்கு அப்படியொன்று கிடைக்கவே இல்லை. நம் ஊரில் பழைய ஆலைச் சாமான், பழைய கராஜ் சாமான் கிடக்கும் வளவுகள் இருக்கின்றன. எங்கேயாவது கண்டால் தராசுக்குப் போகுமுன் எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கள். கறள் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. திருகின் புரி தேயாமல் இருந்தால் போதும் என்று ஐயா சொல்கிறார். கிலோ விலைக்கு மேலே தருகிறோம்.